முன்பாரமும் முறுக்குத்தண்டும்

இரட்டை மாட்டு வண்டியில் பிரயாணம் செய்து பழகியவர்களுக்கு முன்பாரம், பின்பாரம் என்னும் சொற்களை விளக்கவேண்டியதில்லை. அச்சுக்கு முன்னே கனம் மிகுந்தால் நுகத்தடி மாடுகளின் பிடரியை அழுத்தும். பின்னே மிகுந்தால் ஏர்க்கால் மேலெழும்பிப் பூட்டாங்கயிறு அவற்றின் தொண்டையை இறுக்கும். ஆகையால் புறப்படுமுன் வண்டியோட்டி ஏர்க்காலைக் கையால் தூக்கிப் பார்த்து, "முன்பாரமா இருக்கு சாமி, கொஞ்சம் பின்னால தள்ளி உக்காருங்க" என்று உள்ளே இருப்பவர்களை நகர்த்துவான். நகர்த்த மனிதர் இல்லாதபோது மூட்டையை நகர்த்துவான். ஓடும் வாகனத்தின் முகத்தை மட்டமாக நிறுத்திவைக்கும் வித்தையை நம் நாட்டார் இவ்விதமே முதலில் கற்றனர்; அதற்குக் கருவி ஒன்றும் தேவைப்படவில்லை, கையின் பழக்கமே போதுமானதாயிருந்தது.

நான்கு சக்கரங்கள் கொண்ட மோட்டார் வண்டியில் இந்த உபாயம் செல்லாது. எஞ்சின் என்னும் பெருங்கனம் முன்னே நிரந்தரமாக வீற்றிருக்க, மனிதரும் சாமான்களும் பின்னே ஏறியும் இறங்கியும் வர, வண்டியின் முகம் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கவேண்டும் என்பதை முன் ஸ்பிரிங்குகளே தீர்மானிக்கின்றன. முகம் தாழ்ந்துவிட்ட வண்டியில் சக்கரங்களின் சாய்வு மாறி டயர் ஒருபுறமாகத் தேய்கிறது. ஸ்டியரிங் நேர்கோட்டில் நிற்காமல் அலைகிறது. சிறு பள்ளத்திலும் அச்சின் கை ரப்பர் கட்டையில் மோதி உடல் முழுதும் அதிர்கிறது. முகம் அளவுக்கு மீறி நிமிர்ந்துவிட்டாலோ ஸ்டியரிங் கனத்துப்போகிறது, இரவில் விளக்கின் ஒளி எதிரே வருபவனுடைய கண்ணைக் குத்துகிறது. இவ்வளவு காரியங்களுக்கும் ஆதாரமான அந்த உயரத்தைத் திருத்தும் அதிகாரம் முதலில் கொல்லனுடைய உலையில் இருந்து, இடையில் தெருவோரப் பட்டறையின் மெக்கானிக் கைக்கு வந்து, பிறகு அவரிடமிருந்தும் பெரும்பாலும் நீங்கிப்போன வரலாறு ஒன்று உண்டு. வேகத்தையும் குதிரைசக்தியையும் பற்றியே பேசும் மோட்டார் சரித்திரங்களில் அது ஓரிரு வரிகளுக்குமேல் இடம் பெறுவதில்லை என்பது எனக்கு நெடுநாளைய குறை.

எஃகுப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, வில்போல் வளைத்து, அதன்மேல் வண்டியின் உடலைத் தாங்கவைக்கும் முறை ஐரோப்பாவில் வெகுகாலமாகப் பழக்கத்தில் இருந்துவந்தபோதிலும், இரண்டு விற்களை எதிரெதிராகப் பொருத்தி நீள்வட்ட வடிவில் அமைத்து, கோச்சு வண்டிக்குக் கீழே ஓடிய கனமான நெடுஞ்சட்டத்தையே வேண்டாததாக்கியவர் லண்டனைச் சேர்ந்த ஒபடையா எலியட் என்பவர். அது 19ஆம் நூற்றாண்டின் ஆரம்ப வருஷங்களில் நடந்தது. அந்த வில் கடல் கடந்து இங்கேயும் வந்தது. சென்னையில் 1840-இல் குதிரைவண்டி கட்டும் நிறுவனமாகத் தொடங்கிய சிம்சன் கம்பெனி போன்றவர்கள் துரைமார்களுக்கும் ஜமீன்தார்களுக்கும் வில்வைத்த கோச்சுகளைக் கட்டித் தந்தார்கள். கிராமத்துத் தச்சரும் கொல்லரும் அதைப் பார்த்துத் தங்கள் கூண்டு வண்டிக்கு வில் பூட்டினார்கள். வில்வண்டி என்பது மிராசுதார் வீட்டு அந்தஸ்தின் அடையாளமாயிற்று. திருவிதாங்கூரில் 1893-இல் அய்யன்காளி, தம் இனத்தார் நடக்கவும் கூடாது என்று தடுக்கப்பட்டிருந்த பொதுவீதியிலே வில்வண்டி ஏறிச் சென்றதன் பொருள் இதைக்கொண்டு நன்கு விளங்கும். அன்று அவர் தேர்ந்தெடுத்தது வெறும் மாட்டுவண்டியாக இருந்திருந்தால் அந்தச் செய்கையின் வீரியத்தில் ஒரு பங்கு குறைந்திருக்கும்.

பட்டைவில்லுக்கு ஒரு குணம் உண்டு: காலத்தால் அது சோர்ந்துவிடும். வருஷக்கணக்கில் பாரம் சுமந்த எஃகு தன் வளைவை மெல்ல இழந்து தட்டையாகும்போது வண்டியின் உடல் அந்தப் பக்கமாகத் தாழ்கிறது. அதற்குப் பரிகாரம் கொல்லனிடம்தான் இருந்தது. கட்டைப் பிரித்து, பட்டைகளைத் தனித்தனியே எடுத்து, உலையில் காய்ச்சிச் சம்மட்டியால் அடித்து வளைவை மீட்டு, மறுபடி பதம் கொடுத்து, அளவு பார்த்து அடுக்கவேண்டும். பதம் மிஞ்சினால் பட்டை முறியும்; குறைந்தால் ஒரு மாதத்தில் மீண்டும் படுத்துவிடும். லாரித் தொழில் தழைத்த நாமக்கல், சங்ககிரி போன்ற ஊர்களில் இந்தக் கைவேலை அருகிப்போகாமல் இருப்பதற்குக் காரணம், பாரவண்டிக்குப் பட்டைவில்லைவிடச் சிறந்த தாங்கி இன்னும் மலிவாக அமையாததே. ஆயினும் முகத்தைக் கால் அங்குலம் உயர்த்தவேண்டும் என்று ஒருவர் விரும்பினால், அந்தக் கால் அங்குலத்துக்காக வண்டியைப் பிரித்து உலைக்கு அனுப்பவேண்டியிருந்தது என்பதை நினைவில் வைக்கவேண்டும்.

ஆரம்பகால மோட்டார்களும் இந்த வில்லையே சுவீகரித்துக்கொண்டன. 1908-இல் வெளிவந்த ஃபோர்டின் டி மாடல், முன்னச்சுக்குக் குறுக்கே ஒரே ஒரு வில்லை வைத்துத் திருப்திப்பட்டது. இரண்டு முன்சக்கரங்களையும் ஒரே இரும்பு அச்சு இணைத்திருந்த வரையில், ஒரு சக்கரம் கல்லில் ஏறினால் மற்றதும் சாய்ந்தது. வேகம் கூடக்கூடச் சக்கரங்கள் இருபுறமும் வெட வெடவென்று ஆடத்தொடங்கின. ஆகையால் முன்சக்கரங்களைத் தனித்தனியே தொங்கவிடும் முயற்சிகள் பிறந்தன. இத்தாலியில் லான்சியா கம்பெனியார் 1922-இல் காட்சிக்கு வைத்த லாம்டா அவற்றில் முக்கியமானது. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸுக்கு ரோல்ஸ் ராய்ஸிலிருந்து வந்த மாரிஸ் ஆலி என்ற ஆங்கிலேயர், நகர்த்தக்கூடிய எடைகளைத் தாங்கிய ஒரு பரிசோதனை வண்டியைக் கட்டி, அந்த எடைகளை இங்கும் அங்கும் மாற்றிவைத்துச் சவாரி செய்து பார்த்து, முன் ஸ்பிரிங் பின் ஸ்பிரிங்கைவிட மிருதுவாக இருந்தால்தான் வண்டி முன்னும் பின்னும் ஊஞ்சலாடாமல் மட்டமாகச் செல்லும் என்ற உண்மையை நிறுவினார். 1934-ஆம் வருஷத்து அமெரிக்க வண்டிகளில் தனித்தொங்கல் பரவலாக நுழைந்தது. மிருதுவான முன் ஸ்பிரிங் என்பது பிரயாணிகளுக்குச் சௌகரியம். ஆனால் மிருதுவாக ஆக ஆக, சிறிது சோர்வு ஏற்பட்டாலும் முகம் அதிகமாகத் தாழும் என்பது அதன் மறுபக்கம். முகமட்டத்தைத் திருத்த எளிய வழி ஒன்று அவசியமாயிற்று.

அந்த வழிக்குரிய விஞ்ஞானம் மோட்டார் பிறப்பதற்கு நூறு வருஷங்களுக்கு முன்பே தயாராகக் காத்திருந்தது. இழுப்புக்கேற்ற எதிர்விசை என்னும் சூத்திரத்தை ராபர்ட் ஹூக் 1678-இல் வெளியிட்டார். பிரெஞ்சு இராணுவ எஞ்சினியராகிய கூலும், மெல்லிய கம்பியை முறுக்கி ஆராய்ந்து, முறுக்கின் கோணத்துக்கு நேர்விகிதத்தில் அதன் எதிர்ப்பு வளர்கிறது என்பதையும், அந்த எதிர்ப்பு கம்பியின் விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது என்பதையும் 1784-இல் நிறுவினார். கூலும் சொன்னதைக் கணக்காகப் பார்த்தால் வியப்பாயிருக்கும்: ஒரு தண்டின் விட்டத்தைப் பத்தில் ஒரு பங்கு கூட்டினால் அதன் விறைப்பு நூற்றுக்கு 46 பங்கு ஏறிவிடும், நீளத்தை இரட்டித்தால் விறைப்பு பாதியாகும். 1798-இல் ஹென்றி கேவண்டிஷ் பூமியின் அடர்த்தியை நிறுத்துப் பார்த்ததும் முறுகும் கம்பி ஒன்றைக்கொண்டே. பூமியை எடைபோட உதவிய அதே தத்துவம், ஓர் எஃகுத் தண்டின் ஒரு முனையை வண்டியின் சட்டத்தில் அசையாமல் பதித்து, மறுமுனையைச் சக்கரத்தைத் தாங்கும் கையோடு இணைத்து, சக்கரம் மேலேறும்போது தண்டு முறுகுமாறு செய்த எஞ்சினியர்களுக்கும் உதவியது. இதுவே டார்ஷன் பார், அதாவது முறுக்குத்தண்டு. பார்வைக்கு ஸ்பிரிங் என்றே தோன்றாத ஒரு நேரான இரும்புக்கோல் அது. இடத்தை அடைப்பதில்லை, ஒன்றோடொன்று உராயும் பட்டைகள் அதற்கு இல்லை, கனமும் குறைவு.

ஃபெர்டினாண்ட் போர்ஷே ஸ்டுட்கார்ட்டில் தம் வடிவமைப்பு அலுவலகத்தைத் தொடங்கிய 1931-ஆம் வருஷத்திலேயே முறுக்குத்தண்டுத் தொங்கலுக்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார். பிற்பாடு அவருடைய ஃபோக்ஸ்வாகன் வண்டி உலகெங்கும் ஓடியபோது அந்தத் தண்டுகளும் கூடவே ஓடின. அவ்வண்டியின் பின்தண்டில் உள்ள ஒரு நுட்பத்தை விவரமாகச் சொல்லியாகவேண்டும். தண்டின் உள்முனையில் 40 பற்கள், வெளிமுனையில் 44 பற்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. உள்முனையை ஒரு பல் திருப்பினால் 9 பாகை நகர்கிறது. வெளிமுனையை எதிர்த்திசையில் ஒரு பல் திருப்பினால் 8 பாகையும் சொச்சமும் நகர்கிறது. இரண்டையும் சேர்த்துச் செய்தால் எஞ்சுவது ஒரு பாகைக்கும் குறைந்த வித்தியாசம். கல்லூரிப் பரிசோதனைச்சாலையில் வெர்னியர் அளவுகோலைக் கையாண்ட மாணவன் எவனும் இதை உடனே அடையாளம் கண்டுகொள்வான். கரடுமுரடான இரும்புப் பற்களைக்கொண்டே அவ்வளவு நுண்ணிய திருத்தத்தைச் செய்ய வழிவகுத்த அந்த மனத்தை நான் மிகவும் போற்றுகிறேன். அதே வண்டியின் முன்புறத்திலோ, குறுக்குக் குழாய்களுக்குள் அடுக்கிய பட்டைக்கற்றைகள் நடுவில் ஒரு திருகாணியால் நிலையாகப் பிடிக்கப்பட்டிருந்தன, திருத்தத்துக்கு இடமில்லை. பிற்காலத்தில் கலிஃபோர்னியாவின் இளைஞர்கள் அந்தக் குழாயை அறுத்துத் திருப்பும் அமைப்பை நடுவில் ஒட்டவைத்ததற்குக் காரணம், தொழிற்சாலை மறுத்த அந்தச் சுதந்திரமே.

முன்முகத்துக்கு அந்தச் சுதந்திரத்தை முறைப்படி வழங்கிய முதல் பெருவண்டிகளுள் ஒன்று 1934-இல் பாரிஸில் பிறந்தது. ஆந்த்ரே சித்ரோயனின் முன்சக்கர உந்து வண்டியில், எஞ்சினியர் ஆந்த்ரே லெஃபெவ்ரும் சிற்பியாகிய ஃபிளாமினியோ பெர்த்தோனியும் சேர்ந்து சட்டமில்லாத தாழ்வான உடலை அமைத்தார்கள். அதன் முன்தண்டுகள் நீளவாக்கில் பின்னோக்கி ஓடி, திருத்தக்கூடிய பிடியில் முடிந்தன. தண்டு சோர்ந்தால் திருகைத் திருப்பி முகத்தைப் பழைய உயரத்துக்குக் கொண்டுவரலாம். சித்ரோயன் இந்த வண்டிக்காகத் தம் செல்வம் முழுவதையும் பணயம் வைத்துத் தோற்றார். அவ்வருஷ இறுதியில் கம்பெனி திவாலாகி மிஷ்லேன் டயர்க்காரர்கள் வசமாயிற்று. 1935 ஜூலையில் அவர் காலமானார். அவருடைய வண்டி மட்டும் 1957 வரை உற்பத்தியில் இருந்தது.

இங்கிலாந்தில் இந்தத் தண்டை மக்களின் வண்டிக்குக் கொண்டுவந்தவர் அலெக் இசிகோனிஸ். 1948 அக்டோபரில் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் காட்சியில் வெளியான அவருடைய மாரிஸ் மைனருக்கும், கூடவே வந்த பெரிய வண்டியாகிய மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டுக்கும் முன்னே முறுக்குத்தண்டு, பின்னே பழைய பட்டைவில் என்ற ஏற்பாடு அமைந்தது. நம் தேசத்துக் கதை தொடங்குவது இந்த ஆக்ஸ்ஃபோர்டிலிருந்துதான். பிர்லா குடும்பத்தார் 1942-இல் நிறுவிய ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் மாரிஸ் வண்டிகளை வரிசையாக எடுத்துக் கட்டியது. ஆக்ஸ்ஃபோர்டின் இரண்டாம் தொடர் இங்கே லேண்ட்மாஸ்டர் ஆயிற்று, மூன்றாம் தொடர் 1950-களின் பிற்பகுதியில் அம்பாசடர் ஆயிற்று. தாய்நாட்டில் சில வருஷங்களில் மறைந்த வடிவம் இந்த மண்ணில் அரை நூற்றாண்டுக்கு மேல் நிலைபெற்றது. கலெக்டரின் பிரயாணமும் கல்யாண ஊர்வலமும் டாக்ஸி ஸ்டாண்டும் அதை நம்பியிருந்த நாட்களில், அந்தத் தண்டு எத்தனை பட்டறைகளுக்குச் சோறு போட்டது என்பதற்குக் கணக்கு ஏது!

அம்பாசடரின் அமைப்பைக் கூர்ந்து நோக்கினால் ஒரே வண்டிக்குள் இரண்டு யுகங்கள் வாழ்ந்தது தெரியவரும். பின்பக்கம் படுத்துவிட்டால் கட்டைக் கழற்றிப் பட்டை அடிக்கும் கொல்லனிடம் அனுப்பவேண்டும். முன்பக்கம் படுத்துவிட்டால் மெக்கானிக் தாமே ஸ்பானரை எடுத்துக்கொண்டு வண்டிக்குக் கீழே படுப்பார். ஒன்றுக்கு நெருப்பு வேண்டும். மற்றதற்கு அளவுநாடாவும் நிதானமும் போதும்.

நெடுஞ்சாலையோரப் பட்டறை ஒன்றில் அந்தக் காரியம் நடந்ததை நான் நெருங்கி நின்று பார்த்ததுண்டு. டாக்ஸி ஓட்டி வந்த இளைஞன், "முன்னால உக்காந்துபோச்சு அண்ணே, கொஞ்சம் தூக்கி வுடுங்க" என்றான். "மொதல்ல நாலு டயர்லயும் காத்தப் பாரு தம்பி" என்று பட்டறைப் பெரியவரிடமிருந்து பதில் வந்தது. காற்று சமமாக்கப்பட்ட பிறகு, டிக்கியில் கிடந்த சாமான்கள் எல்லாம் இறக்கப்பட்டன. பட்டறையில் தரை மட்டமான ஒரே இடம் எது என்று பெரியவருக்குத் தெரிந்திருந்தது. வண்டியை அங்கே தள்ளி நிறுத்தினார்கள். அவர் பம்பரின்மேல் இரண்டு கைகளையும் ஊன்றி நாலைந்து முறை அழுத்தி அழுத்தி விட்டு, அது தானாக அடங்கியதும், மட்கார்டின் விளிம்பை நம்பாமல் கீழே குனிந்து, கீழ்க்கையின் உட்புறப் போல்ட்டிலிருந்து தரைக்கு எவ்வளவு, வெளிப்புற மூட்டிலிருந்து தரைக்கு எவ்வளவு என்று அளந்து சாக்கட்டியால் தரையிலேயே எழுதினார். இடதுபக்கத்தைக் காட்டிலும் வலதுபக்கம் தாழ்ந்திருந்தது. நம் நாட்டு வண்டிகளில் ஓட்டுநர் வலப்புறம் அமர்வதால், ஒற்றை ஆளாகவே பாதி நாளைக் கழிக்கும் டாக்ஸிகளில் இப்படி நேர்வது இயல்பு.

அதன்பின் நடந்ததுதான் வேலையின் சாரம். குறுக்குச் சட்டத்துக்கு ஜாக்கி கொடுத்துச் சக்கரத்தைத் தொங்கவிட்டு, தண்டின் முறுக்கை இளகச் செய்தார். முறுக்கு ஏறிய நிலையில், தண்டின் பின்முனையைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் நெம்புகோலின் போல்ட்டைத் தொடுகிறவன் தன் விரல்களைப் பணயம் வைக்கிறான். பாரம் சுமந்த தண்டுக்குள் அடங்கியிருக்கும் விசை ஒரு சட்டத்தையே வளைக்கவல்லது. நெம்புகோலின் நிலையை ஒரு படி மாற்றிப் பூட்டி, வண்டியை இறக்கியபோது முகம் வெகுவாக உயர்ந்து நின்றது. வந்த இளைஞனுக்கு மகிழ்ச்சி. பெரியவரோ சிரித்துக்கொண்டு, வண்டியை முன்னே ஒரு சுற்றும் பின்னே ஒரு சுற்றும் உருட்டச் சொன்னார். ஏனெனில், ஜாக்கியிலிருந்து இறங்கும் சக்கரம் பக்கவாட்டில் விரிந்து அமரவேண்டும். நின்ற இடத்திலேயே இறங்கினால் டயர் தரையைக் கவ்விக்கொண்டு அதை விரியவிடாமல் தடுப்பதால், வண்டி தன் உண்மையான உயரத்தைக் காட்டாது. உருட்டியதும் முகம் தணிந்தது. மறுபடி அளந்தார், மறுபடி சாக்கட்டி. கையின் ரப்பர் புஷ்களைப் பிடிக்கும் நட்டுகளை அதுவரை தளர்வாகவே வைத்திருந்து, சக்கரம் தரையில் ஊன்றி வண்டி தன் உயரத்தில் அமர்ந்த பிறகே முறுக்கினார். தொங்கிய நிலையில் முறுக்கியிருந்தால் ரப்பர் நாள் முழுதும் திருகியே கிடந்து சில மாதங்களில் கிழிந்திருக்கும். கடைசியாக முன்சக்கரங்களின் உள்வாங்கலைச் சரிபார்த்து, சுவருக்கு எதிரே நிறுத்தி விளக்கின் ஒளிவட்டத்தையும் தாழ்த்திவிட்டார். வேலைக்கு ஆன நேரத்தில் போல்ட்டைத் திருப்பியதற்குச் சென்றது மிகச் சொற்பம்; மற்றதெல்லாம் அளப்பதற்கே சென்றது.

இடது தண்டை வலப்பக்கம் மாட்டக்கூடாது என்பதும் அந்தப் பட்டறைகளில் சீடர்களுக்கு முதலில் சொல்லப்படும் பாடம். தொழிற்சாலையில் ஒவ்வொரு தண்டையும் அது வேலைசெய்யப்போகும் திசையிலேயே அளவுக்கு மேல் ஒருமுறை முறுக்கி, மேற்பரப்பின் எஃகைப் பழக்கிவிடுகிறார்கள். பழகிய திசையில் அது பல்லாண்டு உழைக்கும், எதிர்த்திசையில் விரைவில் சோரும் அல்லது முறியும். பைப் ஸ்பானரால் தண்டைக் கவ்வுவதும் குற்றம். பற்கள் பதிந்த கீறலிலிருந்தே வெடிப்பு தொடங்கும்.

இந்தத் தண்டைப் பற்றி வாகனப் பிரியர்களிடையே வெகுகாலமாக நிலவிவரும் ஒரு தப்பபிப்பிராயத்தையும் இங்கே சொல்லிவிடவேண்டும். திருகை இறுக்கினால் ஸ்பிரிங் கடினமாகிறது என்று பலர் நம்புகிறார்கள். சக்கரத்தின்மேல் உள்ள பாரம் மாறவில்லை. ஆகையால் அந்தப் பாரத்தைத் தாங்கத் தண்டு முறுகவேண்டிய கோணமும் மாறவில்லை. அந்தக் கோணம் தொடங்கும் இடம் மட்டுமே நகர்ந்திருக்கிறது. கூலும் காட்டிய விதிப்படி விறைப்பு, தண்டின் விட்டத்தையும் நீளத்தையும் உலோகத்தையும் பொறுத்தது. திருகுக்கு அதில் பங்கில்லை. அப்படியானால் அதிகமாக உயர்த்திய வண்டி ஏன் முரட்டுத்தனமாகக் குதிக்கிறது என்றால், சக்கரம் கீழே இறங்குவதற்கு இருந்த இடம் குறைந்து, ஒவ்வொரு பள்ளத்திலும் கை தன் கீழ்த்தடுப்பில் போய் மோதுவதால். உயர்த்தி வாங்கும் ஒவ்வோர் அங்குலத்துக்கும் கீழே ஓர் அங்குலம் விலையாகக் கொடுக்கப்படுகிறது. தண்டு சோர்ந்ததை ஈடுசெய்யும் அளவுக்குத் திருத்துவது நியாயம். தோற்றத்துக்காக அதற்கு மேல் போவது வண்டிக்குச் செய்யும் அநீதி என்றே நான் கருதுகிறேன்.

அம்பாசடர் இங்கே பிறப்பதற்குச் சற்று முன், அமெரிக்காவில், மனிதன் கை தொடாமலே வண்டி தன்னை மட்டப்படுத்திக்கொள்ளும் ஓர் அற்புதம் தோன்றியது. டெட்ராய்ட்டின் புராதனக் கம்பெனியாகிய பேக்கார்டுக்காக வில்லியம் அலிசன் என்ற எஞ்சினியர் வகுத்து 1955-இல் வெளிவந்த ஏற்பாட்டில், ஒவ்வொரு பக்கத்திலும் முன்சக்கரத்தையும் பின்சக்கரத்தையும் சுமார் 9 அடி நீளமுள்ள ஒரே முறுக்குத்தண்டு இணைத்தது. முன்சக்கரம் மேட்டில் ஏறினால் அந்த முறுக்கு பின்சக்கரத்துக்கும் சென்று, வண்டி மூக்கைத் தூக்காமல் மட்டமாகவே எழுந்தது. பின்னே பாரம் ஏறினால் ஒரு மின்மோட்டார் துணைத்தண்டுகளைத் திருப்பிச் சமப்படுத்தியது. சாலையின் மேடு பள்ளத்தைப் பாரம் என்று எண்ணி ஏமாறாதிருக்க, அந்த மோட்டார் சுமார் 7 விநாடி பொறுத்திருந்து பிறகே இயங்கும்படி ஏற்பாடு. இவ்வளவு தீர்க்கமான சிந்தனைக்கு அந்தக் கம்பெனி விற்பனையில் கண்ட பலன் சொற்பம். அடுத்த வருஷமே அதன் டெட்ராய்ட் உற்பத்தி நின்றுபோயிற்று. பேக்கார்டு வீழ்ந்ததால் அலிசனின் பெயரும் மறக்கப்பட்டது மோட்டார் சரித்திரத்தின் பெரிய அநியாயங்களுள் ஒன்று. 1957 முதல் கிரைஸ்லர் கம்பெனி தன் வண்டிகளின் முன்னே வைத்த எளிய தண்டுகள், ஒரு போல்ட்டால் உயரம் திருத்தக்கூடியவை, முப்பது வருஷங்களுக்கு மேல் ஓடின.

பேக்கார்டின் அதே 1955-இல், அக்டோபர் 5 அன்று, பாரிஸ் காட்சியில் சித்ரோயனின் டிஎஸ் வெளியாயிற்று. பால் மாஜேஸ் என்பவர் வகுத்த அதன் தொங்கலில் தண்டும் இல்லை, வில்லும் இல்லை. உருண்டைகளில் அடைத்த வாயுவும் பம்பு தள்ளும் எண்ணெயும் வண்டியைத் தாங்கின. எஞ்சினை இயக்கியவுடன் வண்டி மெல்ல எழுந்து தன் உயரத்தை அடைந்து, யார் ஏறினாலும் இறங்கினாலும் அதிலேயே நின்றது. இருபது வருஷம் முன்பு திருகைத் திருப்பும் சுதந்திரத்தை வழங்கிய அதே கம்பெனி, இப்போது அந்தத் திருகையே அநாவசியமாக்கிவிட்டது.

ஆனால் மெக்கானிக் கையிலிருந்து இந்த வேலையைப் பறித்தது அவ்விரண்டு அற்புதங்களுமல்ல. ஏர்ல் மாக்ஃபெர்சன் என்ற அமெரிக்க எஞ்சினியர் சுருள் ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையும் ஒரே தூணாக இணைத்து வகுத்த முறை, 1950-இல் ஃபோர்டின் ஆங்கிலேய வண்டிகளில் ஏறியது முதல், மலிவாலும் எளிமையாலும் உலகை வென்றது. 1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800-இன் முன்னேயும் அதே தூண்தான். அதில் திருத்துவதற்கு ஒன்றுமில்லை. ஸ்பிரிங் சோர்ந்தால் கழற்றி எறிந்து புதிதை மாட்டவேண்டும். கடைக்காரருக்கு அது வியாபாரம். அளந்து பார்த்து அரை அங்குலத்தை மீட்டுக்கொடுத்தவருக்கோ தம் கல்வியில் ஒரு பாகம் பயனற்றுப்போயிற்று. 2014 மே மாதத்தில் உத்தர்பாராவில் அம்பாசடரின் உற்பத்தியும் நிறுத்தப்பட்டது.

முறுக்குத்தண்டு அறவே மறைந்துவிட்டது என்று எண்ணிவிடலாகாது. முன்சக்கரங்களுக்கும் எஞ்சினின் விசை செல்லும் பாரவண்டிகளில், சுருள் ஸ்பிரிங் நிற்கவேண்டிய இடத்தின் ஊடே உந்துதண்டு செல்லவேண்டியிருப்பதால், நீளவாக்கில் ஒதுங்கிப் படுத்திருக்கும் இந்தத் தண்டு அங்கே இன்றும் விரும்பப்படுகிறது. ஜெனரல் மோட்டார்ஸ் தன் கனரகப் பிக்கப் லாரிகளில் அதைக் கைவிடவில்லை. அந்த லாரிகள் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே வால் உயர்ந்தும் முகம் தாழ்ந்தும் வருகின்றன. பின்தட்டில் பாரம் ஏறியதும் வால் அமிழ்ந்து மட்டமாகவேண்டும் என்பது வகுத்தவர்களின் உத்தேசம். வெற்று லாரியையே மட்டமாக்கிப் பார்க்க விரும்பும் சொந்தக்காரர்கள் முன்திருகை இறுக்கி முகத்தை உயர்த்துகிறார்கள். பிறகு பாரம் ஏற்றும் நாளில் விளக்கொளி வானத்தை நோக்குகிறது என்று முறையிடுகிறார்கள். நியாயமான தேவையோடு அதே திருகை நாடுவோரும் அங்கே உண்டு. பனி விழும் பிரதேசங்களில் குளிர்காலம் வந்ததும் லாரியின் முகத்தில் பனி தள்ளும் கனத்த இரும்பு அலகைப் பூட்டுகிறார்கள். அந்தப் பாரத்தால் தாழ்ந்த முகத்தை உயர்த்தத் திருகைச் சில சுற்று இறுக்கி, அச்சின் சாய்வையும் விளக்கையும் சரிபார்த்துக்கொண்டு, பனி உருகி அலகைக் கழற்றும் பருவத்தில் எண்ணி வைத்த அத்தனை சுற்றுகளையும் திரும்பத் தளர்த்திவிடுகிறார்கள்.